ஆபாச நூல் வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாவல் மீது புகார் எழும்போதெல்லாம் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தடை செய்ய முடியுமா, யார் செய்வது, எழுதியவர் சிறைக்குப் போவாரா, நீதிமன்றம் எதை வைத்து அளக்கிறது? இந்தியச் சட்டத்தையும் இந்திய வழக்குகளையும் முன்னிறுத்தி, வேண்டிய இடத்தில் மட்டும் வெளிநாட்டுக்குப் போய்வந்து, பதில்களைக் கீழே தந்திருக்கிறோம்.

சட்டத்தின் கண்ணில் ஆபாசம் என்பது எது?

நெடுங்காலம் இதற்கான பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு இருக்கிறது. காம இச்சையைக் கிளறுவது, முழுமையாகப் பார்த்தால் அதைப் படிக்க வாய்ப்புள்ளவர்களின் மனத்தைக் கெடுத்துச் சீரழிக்கக்கூடியது என்பதுதான் வரையறையின் சாரம்.

இந்த வரையறை 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதுவரை, 1860இல் எழுதப்பட்ட சட்டம் ஆபாசப் புத்தகம் விற்றால் குற்றம் என்றது. ஆபாசம் எது என்று சொல்லவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஒரு விக்டோரியா காலத்து ஆங்கிலத் தீர்ப்பு.

அது என்ன தீர்ப்பு?

1868இல் வந்த ஹிக்லின் தீர்ப்பு. இலக்கியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கத்தோலிக்கப் பாவமன்னிப்பு முறையைத் தாக்கி எழுதப்பட்ட ஒரு துண்டு நூலை ஹென்றி ஸ்காட் என்பவர் அடக்க விலைக்கே விற்றார். அவருடைய நோக்கம் மதப் பிரசாரம். பிரதிகள் பறிமுதலாகி, வழக்கு தலைமை நீதிபதி காக்பர்னிடம் போனது. ஸ்காட்டின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பது முக்கியமில்லை என்றார் அவர். இத்தகைய தீய பாதிப்புக்கு இடம் கொடுக்கும் மனம் கொண்டவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களைக் கெடுக்குமா என்பதே கேள்வி என்று வைத்தார்.

அதாவது, ஊரிலேயே பலவீனமான மனம் யாருடையதோ, அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் பார்ப்பது. தனியாக ஒரு பத்தியை உருவி எடுத்துப் படித்தாலும் போதும். ஆபாச வழக்குகளின் வரலாறு முழுவதையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: நீதிபதி தன் மனத்தில் எந்த வாசகரை உட்கார வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படிக்கிறார்? ஹிக்லின் உட்கார வைத்த வாசகர், எளிதில் கெட்டுப்போகும் ஒரு விடலை. அவரை எழுப்பிவிட்டு, வயது வந்த சாதாரண மனிதரை அந்த நாற்காலியில் அமர்த்த இந்தியாவுக்கு 2014 வரை ஆனது.

ஒரே புத்தகம் ஒரு நாட்டில் குற்றமாகவும் இன்னொரு நாட்டில் குற்றமற்றதாகவும் ஆகுமா?

ஆகியிருக்கிறது. டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலின் முழுப் பதிப்பு இதற்கு நல்ல உதாரணம். 1957இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அதன் மொழிபெயர்ப்பாளரையும் பதிப்பாளரையும் குற்றவாளிகள் என்றது. 1959இல் அமெரிக்காவில் அது தபாலில் போக வழி பிறந்தது. 1960இல் லண்டனில் பென்குயின் நிறுவனம் கூண்டில் நின்றது. அரசு வழக்கறிஞர் ஜூரிகளைப் பார்த்து, உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் புத்தகமா இது என்று கேட்டார். அந்த ஜூரியில் மூன்று பெண்களும் இருந்தார்கள். கேட்டவர் அப்போதே பாதி வழக்கைத் தோற்றுவிட்டார் என்று சொல்வார்கள். பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், ஒரு பிஷப் உட்பட 35 பேர் நூலுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார்கள். 1960 நவம்பர் 2 அன்று விடுதலை.

இனி பம்பாய். அங்கே ஒரு சிறிய புத்தகக் கடை. நான்கு பங்குதாரர்கள். 1959 டிசம்பரில் வாடிக்கையாளர் வேடத்தில் போலீஸ் அனுப்பிய ஆள் ஒருவர் கடைக்கு வந்து இதே நாவலை வாங்கிப்போனார். வழக்கு. மாஜிஸ்திரேட் விதித்த அபராதம் தலைக்கு இருபது ரூபாய். கட்டிவிட்டுப் போயிருக்கலாம். பங்குதாரர்களில் ஒருவரான ரஞ்சித் உதேஷி கட்டிவிட்டுப் போகவில்லை; அரசியல் சட்டம் தந்த பேச்சுரிமைக்கு இது முரண் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்த் இலக்கியச் சாட்சியாக வந்திருந்தார்.

1964 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய அந்தத் தீர்ப்பு ஹிக்லின் அளவுகோலையே ஏற்றது. கலையும் ஆபாசமும் கலந்திருந்தால், ஆபாசம் நிழலில் மறையும் அளவுக்குக் கலை ஓங்கி நிற்க வேண்டும் என்றது. லாரன்ஸ் அந்தப் பரீட்சையில் தேறவில்லை. லண்டனில் விடுதலையாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்த ஊர்க் கதை இங்கே எடுபடவில்லை. அங்கே 1959ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கிய நலனைக் காட்டி வாதாட இடம் கொடுத்திருந்தது. இங்கே அந்த இடம் 1969இல்தான் வந்தது.

அந்த நாவல் இன்று இந்தியப் புத்தகக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

கடைக்காரர் புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்றால்?

தப்பிக்க முடியாது. உதேஷி வழக்கில் அந்த வாதமும் வைக்கப்பட்டது. விற்றவருக்கு உள்ளே இருப்பது தெரியும் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். அலமாரியில் ஐந்தாயிரம் தலைப்புகள் வைத்திருப்பவர் அத்தனையையும் படித்துத் தேற வேண்டும் என்று எதிர்பார்க்கும் சட்டம், கடைக்காரர்களைச் சட்டத்துக்கு அல்ல, வதந்திக்குப் பயப்பட வைக்கிறது.

எழுதியவர், பதிப்பித்தவர், அச்சிட்டவர், விற்றவர், விளம்பரம் செய்தவர் எல்லோரும் இந்தப் பிரிவின் வலைக்குள் வருவார்கள். வாங்கிப் படித்தவர் வரமாட்டார்.

தண்டனை எவ்வளவு?

முதல் முறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் என்றால் ஐந்து ஆண்டு, 10,000 ரூபாய். பழைய சட்டத்தில் அபராதம் 2,000, 5,000 என்று இருந்தது. இணையத்தில் வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு வரும். அதில் முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கோவில் சிற்பங்கள்?

விலக்கு உண்டு. தொல்லியல் சின்னங்களிலும் கோவில்களிலும் செதுக்கியோ வரைந்தோ இருப்பவை, சாமி ஊர்வலம் போகும் தேரில் இருப்பவை குற்றத்தில் சேராது என்று சட்டமே சொல்கிறது. தேர்ச் சிற்பத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கலாம். அதையே ஒருவர் கதையில் வர்ணித்தால் வாய்தாவுக்கு அலைய நேரலாம்.

தடை என்பதும் வழக்கு என்பதும் ஒன்றா?

இல்லை. இரண்டும் தனித்தனிப் பாதைகள். 294ஆம் பிரிவு ஆட்களைத் தண்டிக்கும். புத்தகத்தைச் சந்தையிலிருந்து எடுப்பது மாநில அரசின் பறிமுதல் ஆணை. அது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவில் இருக்கிறது. வெளிநாட்டு நூல் என்றால் சுங்கச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு இறக்குமதியைத் தடுக்கலாம். மூன்றாவதாக ஒரு பாதையும் உண்டு, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது. ஊர் திரண்டு மிரட்டி எழுத்தாளரே திரும்பப் பெற வைப்பது. இந்த மூன்றாவதுதான் இன்று அதிகம் வேலை செய்கிறது.

பறிமுதலான நூல் எல்லாம் ஆபாச நூல் என்றும் எண்ண வேண்டாம். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல்தான் விடுபட்டது. அங்கே பிரச்சினை காமம் அல்ல, இராமன்.

பெண்கள் எழுதினால் அளவுகோல் மாறுகிறதா?

சட்டத்தில் மாறாது. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் மனத்தில் மாறியிருக்கிறது. இதற்குத் தஞ்சாவூரிலிருந்து தொடங்கும் கதை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரதாபசிம்ம மன்னரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசிக் கவிஞர் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பிற்காலப் பதிப்பு ஒன்றில் குறைபாடுகளைக் கண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள், ஏட்டுச் சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோவில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான்.

அதற்கு முன்பே தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் முத்துப்பழனியை வேசி என்று சாடி, ஒரு பெண் வாயிலிருந்து வரக்கூடாதவை இதில் இருக்கின்றன என்ற தொனியில் எழுதியிருந்தார். ஆண் கவிஞர்களின் சிருங்காரத்தில் இதைவிட அதிகம் இருக்கிறதே, அதற்கு ஏன் யாரும் வெட்கப்படவில்லை என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911இல் சென்னையில் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. பண்டிதர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தும் பலனில்லை. 1947இல் டி. பிரகாசம் முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

லாகூர் வழக்கும் இந்த வரிசையில் வரும். உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ சிறுகதைக்காக நாற்பதுகளில் அவரை அங்கே நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். கதையில் ஆபாசமான சொல் எது என்று அவருடைய வழக்கறிஞர் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குடைந்தார். காதலர்களைச் சேர்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய ஒரு தொடரைச் சாட்சி காட்டினார். இதில் எந்தச் சொல் தவறு என்று கேட்டபோது பதில் தடுமாறி, நல்ல குடும்பத்துப் பெண்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்பதில் போய் நின்றது. நல்ல குடும்பத்துப் பெண்ணாக இல்லாவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டார் வழக்கறிஞர். இந்த விசாரணையைச் சுக்தாய் தன் நினைவுக் குறிப்பில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். விடுதலையும் ஆனார்.

பெரிய எழுத்தாளர்கள் சாட்சி சொன்னால் காப்பாற்றிவிடலாமா?

உதவும், நம்பியிருக்க முடியாது. உருதுச் சிறுகதையாளர் சாதத் ஹசன் மண்டோ மீது பிரிவினைக்கு முன் மூன்று, பின் மூன்று என்று ஆறு முறை வழக்கு வந்தது. ‘தண்டா கோஷ்த்’ கதைக்கான வழக்கில் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் அவருக்காகச் சாட்சி சொன்னார். கதை ஆபாசமில்லை, ஆனால் உயர்ந்த இலக்கியத் தரத்தை எட்டவும் இல்லை என்றார். எதிர்த்தரப்புச் சாட்சிகூட எழுத்தாளனை இப்படிக் காயப்படுத்த முடியாது.

விடுதலை கிடைக்க எத்தனை ஆண்டு ஆகும்?

சமரேஷ் பாசுவின் வங்க நாவல் ‘பிரஜாபதி’ 1967இல் ‘தேஷ்’ இதழின் பூஜா மலரில் வந்தது. அடுத்த ஆண்டே ஓர் இளம் வழக்கறிஞர் தனிநபர் புகார் கொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் தலைக்கு 201 ரூபாய் அபராதம். கல்கத்தா உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது 1985 செப்டம்பரில். பதினேழு ஆண்டுகளுக்கு மேல். புகார் வந்தபோது பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது அந்த நாவலைப் படிக்கும் வயதுக்கு வந்திருக்கும்.

ஆனால் அந்தத் தீர்ப்பு மதிப்புள்ளது. நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் தன்னை வைத்து, இதன் மூலம் என்ன சொல்ல வருகிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு எல்லா வயது வாசகர்களின் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. கொச்சையாக எழுதுவது வேறு, ஆபாசம் வேறு என்றும் பிரித்தது. கொச்சை எழுத்து அருவருப்பைத் தரலாம், சலிப்பைத் தரலாம். அதனால் மட்டும் மனம் சீரழிந்துவிடாது. ஆகவே, கெட்ட வார்த்தை இருந்தாலே ஆபாசமா என்று கேட்பவர்களுக்குப் பதில், இல்லை. 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் பற்றிய வழக்கிலும் வசைச்சொல்லை ஆபாசத்தோடு குழப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஹிக்லின் இப்போது செத்துவிட்டதா?

ஏறக்குறைய. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் வருங்கால மனைவியோடு ஆடையின்றி இருந்த புகைப்படத்தை வெளியிட்டதற்காக ஒரு விளையாட்டு இதழ் மீது தொடரப்பட்ட வழக்கில், 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஹிக்லினைக் கைவிட்டது. சமகாலச் சமூகத்தின் சராசரி மனிதரின் அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்றது.

அந்த அளவுகோலை அமெரிக்க நீதிமன்றம் 1957இல் ராத் வழக்கில் உருவாக்கியது. அந்த வழக்கில் புத்தக வியாபாரி ராத் தோற்றுச் சிறைக்குப் போனார் என்பதும், அமெரிக்கா 1973இலேயே வேறு அளவுகோலுக்கு மாறிவிட்டது என்பதும் கூடுதல் தகவல். இன்னொரு சிக்கல்: 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஐந்து நீதிபதிகள் தந்தது, 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருவர் தந்தது. ஐவர் சொன்னதை இருவர் மாற்றலாமா என்று சட்டம் படித்தவர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுத்த ஆண்டே ஒரு சறுக்கல். காந்தியைப் பாத்திரமாக வைத்து வசந்த் தத்தாத்ரேய குர்ஜர் எழுதிய மராத்திக் கவிதை பற்றிய வழக்கில், வரலாற்றில் மதிக்கப்படும் மனிதர்களின் வாயில் அத்தகைய சொற்களை வைத்தால் அளவுகோல் இன்னும் கடுமையாகும் என்றது நீதிமன்றம். சட்டத்தில் அப்படி ஒரு தனி வகை இல்லை.

‘மாதொருபாகன்’ விவகாரத்தில் நீதிமன்றம் உண்மையில் என்ன சொன்னது?

பெருமாள்முருகனின் இந்த நாவல் வந்தது 2010இல். எதிர்ப்பு வெடித்தது 2014 டிசம்பரில், ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு. நான்கு ஆண்டுகள் யார் மனமும் கெடாமல் அலமாரியில் இருந்த நூல் அது. குழந்தையில்லாத தம்பதியைப் பற்றிய கதை. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவு அதில் முக்கியமானது. ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்டு, பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகப் பெருமாள்முருகன் கையெழுத்திட்டார். எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

அந்தக் கையெழுத்தை எதிர்த்துத் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் வழக்குத் தொடர்ந்தார். நூலைத் தடைசெய்து எழுத்தாளர் மீது நடவடிக்கை எடுக்கக் கோரும் மனுக்களும் எதிர்ப்பக்கம் இருந்தன. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். நாவல் ஆபாசமில்லை. பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் படிக்காமல் தூக்கி எறியலாம். எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும்.

கவுல் இதற்கு முன் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் எம். எஃப். ஹுசைனின் ஓவியம் பற்றிய வழக்கையும் விசாரித்து அவரை விடுவித்தவர். ‘மாதொருபாகன்’ தீர்ப்பின் கடைசி வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைவிட முக்கியமானது, ஆட்சியர் அலுவலக மேஜையில் நடந்ததை நீதிமன்றம் தொட்டுப் பேசியதுதான். அந்த அறையில் சட்டப்படியான தடை இல்லை, வழக்கு இல்லை, நீதிபதி இல்லை. இருந்தும் ஒரு நாவல் மறைந்தது.

கேரளத்தில் எஸ். ஹரீஷின் ‘மீசை’ நாவலும் மிரட்டலால் 2018 ஜூலையில் வார இதழிலிருந்து நின்றுபோனது. அதற்குத் தடை கேட்டுப் போனவர்களை அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

பாலியல் கல்வி நூல்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

அறிவியல், கல்வி, இலக்கியம், கலை ஆகியவற்றுக்காகப் பொது நலன் கருதி வெளியிட்டால் விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லாத காலத்தில் ரகுநாத் தோண்டோ கார்வே ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழில் வாசகர்களின் பாலியல் கேள்விகளுக்குப் பதில் எழுதியதற்காகக் குற்றம் சாட்டப்பட்டார். 1934இல் பம்பாய் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது.

ஒரு நூல் எனக்கு ஆபாசமாகப் படுகிறது. நான் என்ன செய்யலாம்?

மறுத்து எழுதலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் தாக்கல் செய்யலாம். முழு நூலையும் படித்துவிட்டுப் போவது நல்லது. நீதிமன்றம் முழுமையாகத்தான் பார்க்கும். சிறப்பிதழ், தொகுப்பு என்றால் மட்டும் ஒவ்வொரு படைப்பையும் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள்.

என் கடைக்குப் போலீஸ் வந்து பிரதிகளை எடுத்துப்போகிறது. என்ன கேட்க வேண்டும்?

முதலில், முதல் தகவல் அறிக்கை இருக்கிறதா, அல்லது அரசின் பறிமுதல் அறிவிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாமல் “விற்காதீர்கள், மேலிடத்து உத்தரவு” என்று வாய்மொழியாகச் சொல்வது உத்தரவு அல்ல. எடுத்துப்போகும் பிரதிகளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தக் குற்றத்தில் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம் என்றாலும், ஜாமீன் உங்கள் உரிமை. யாருடைய தயவும் அல்ல.

அரசு அறிவிப்பு என்றால் அது அரசிதழில் வந்திருக்க வேண்டும், காரணம் சொல்லியிருக்க வேண்டும். வெளியான இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்; மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். இதைக் கெடு தாண்டவிட்டுப் பிறகு புலம்புபவர்கள் அதிகம். அறிவிப்பின் பிரதியைக் கையில் வாங்கியதும் காரணங்கள் எழுதப்பட்டிருக்கும் பத்தியைத் தேடுங்கள். உத்தரப் பிரதேச அரசின் பறிமுதல் ஆணை ஒன்றை 1961இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அந்தப் பத்தி அதில் இல்லை என்பதற்காகவே.